சந்தமாலியின் விரல்

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு இனோகா கைரேகைப் பெட்டியில் விரலை அழுத்துகிறாள். கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் ஆள்குறைப்பின் மூன்றாம் நாள் காலை. பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே போகலாம். சிவப்பென்றால் வேலை போயிற்று. அவளுக்குப் பச்சை. ஆனாலும் உள்ளே போகாமல் பக்கத்திலேயே நிற்கிறாள். அடுத்து வருபவள் அறைத்தோழி சந்தமாலி. தலைக்கு மேல் ஒரு விமானம் உறுமிக்கொண்டு இறங்குகிறது. "விரல நல்லாத் தொடச்சிட்டு வை, நங்கி," என்று தங்கையிடம் சொல்வதுபோல் சொல்கிறாள் இனோகா. "என்ன அக்கே, என் விரலுக்கு நீ பயப்படுற!" பெட்டி கீச்சிடுகிறது. சிவப்பு. இனோகா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சந்தமாலியோ சிரிக்கிறாள். "மூஞ்சிய ஏன் இப்பிடி வெச்சிருக்க? உன் பேர்ல நாம சேத்த காசு ஆறு மாசம் தாங்கும். அதுக்குள்ள வேற வேல கெடைக்காமலா போயிடும்?" இனோகா தலையாட்டுகிறாள். அந்தக் காசு முழுவதையும் போன மாதமே, தன் தம்பியைக் கொரியாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன தரகனிடம் அவள் கொடுத்துவிட்டாள்.