டிபன் பாக்ஸ் மூடி

திருட்டு வண்டி. சத்யப்ரியாவுக்கு இனிச் சந்தேகமே இல்லை. கையிலிருந்த உப்புத்தாள் நழுவிக் கீழே விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பம்மலில் இருக்கும் அவளுடைய பெயிண்ட் ஷெட்டுக்கு அந்தப் பழைய பிக்கப் போன வாரம் வந்தது. இன்ஜினைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, அது உட்கார்ந்திருந்த இடம் முழுவதையும் தகரம் தெரியும்வரை சுரண்டிப் புதிதாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

கொண்டுவந்து விட்டவள் நித்யஸ்ரீ. மேடவாக்கத்தில் வீடு, ஓ.எம்.ஆரில் வேலை. "அப்பா பர்த்டேக்கு சர்ப்ரைஸ்க்கா! சர்வீஸுக்கு விட்டிருக்கேன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன்" என்றாள். புதிதாக எழுதுவதற்காக நம்பர் பிளேட்டைக்கூட முன்னாடியே கழற்றி வேறு கடையில் கொடுத்திருந்தாள்.

வேலை முடிந்ததும் நேராக ஷெட்டுக்கு வந்துவிடுவாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்கா அக்கா என்று வாய் ஓயாமல் பேசுவாள். நேற்று அம்மா செய்தது என்று சுறாப்புட்டு கொண்டுவந்து, சத்யப்ரியா சாப்பிடுவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்தவர்கள் இல்லாத சத்யப்ரியாவுக்கு அது பிடித்திருந்தது.

இன்று மேலே இருந்த சிவப்புப் பெயிண்ட் உரிந்தது. அடியில் சாம்பல், அதற்கும் அடியில் கரும்பச்சை. இன்ஜினுக்கும் டிரைவர் காலடிக்கும் நடுவே இருந்த தகட்டில் ஏதோ பளபளத்தது. சுற்றிலும் ரிவெட் ஆணி அறைந்து ஒட்டுப்போட்ட ஓர் எவர்சில்வர் மூடி. அதில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர்: து. சத்யப்ரியா.

அவளுடைய பள்ளிக்கூடத்து டிபன் பாக்ஸ் மூடி. துருப்பிடித்த ஓட்டை வழியாக இன்ஜின் சூடு மகளின் காலில் அடிக்கிறதே என்று அப்பா துலுக்காணம்தான் அதை வைத்து அடைத்தார். கோவளத்தில் மீன் ஏற்றிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போகிற கரும்பச்சை வண்டி. லீவு நாள் என்றால் முன் சீட்டில் அவள்தான்.

ஷெட் திறந்தபோது, முதல் வேலையாக அந்த வண்டியைத்தான் புதுப்பிக்க வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டாள். எடுத்துக்கோம்மா என்று தலையாட்டியவர், அடுத்த வாரமே கோவளத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"வண்டிய எவனோ தூக்கிகினு பூட்டான்மா."

போலீஸுக்குப் போகலாம் என்று இவள் துடித்தாள். "இன்னாத்துக்கு அந்த பேஜாரு? போனது போச்சு, வுட்ரு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்படிப் படுத்தவரைப் பார்த்த பிறகு, வண்டி என்ற பேச்சையே அவள் வீட்டில் எடுத்ததில்லை.

வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. "அக்கா, பச்சை கலர் முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே நித்யஸ்ரீ உள்ளே வந்தாள்.

"இந்த வண்டி யாருது?"

"எங்கப்பாதுக்கா. சொன்னேனே!"

"யாருகிட்ட வாங்கினாரு?"

"வாங்கினதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. நான் எல்.கே.ஜி. போனதே இந்த வண்டியிலதான். அப்பாதான் மடியில உக்கார வெச்சு ஸ்டியரிங் புடிக்க விடுவாரு."

வாய் கூசாமல் எப்படிப் பொய் சொல்கிறாள்! இவளையா தங்கச்சி மாதிரி நினைத்தோம்?

"நீ எல்.கே.ஜி. போனப்போ இந்த வண்டி எங்க வூட்டு வாசல்ல நின்னுகினு இருந்துச்சு. இங்க வா. இதைப் படி."

நித்யஸ்ரீ குனிந்து பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"உங்க பேரு எப்படிக்கா இதுல..."

"எங்கப்பா அடிச்சது. வண்டி களவு போயி அந்த மனுஷன் எப்படி ஒடிஞ்சி போனாருன்னு நான் பாத்தவ. வூட்டு சாப்பாடு போட்டு, அக்கான்னு கூப்பிட்டு, என் வண்டிக்கு என் கையாலயே பெயிண்ட் அடிக்க வெச்சியே! உனக்கு மனசாட்சி கீதா?"

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. எங்கப்பா திருடுற ஆள் இல்ல."

"அப்போ அவரையே கேளு. ஸ்பீக்கர்ல போடு. அவரு என்ன சொல்றாருன்னு நானும் கேக்கறேன்."

நித்யஸ்ரீ போனைத் தடவினாள். நாலைந்து மணி அடித்து எடுக்கப்பட்டது. எதிர்முனையில் பஸ் ஹாரன்கள் கேட்டன.

"அப்பா, தப்பா நெனச்சுக்காதீங்க. நம்ம வண்டிய சர்வீஸுக்கு விடலப்பா. உங்க பர்த்டேக்காகப் பெயிண்ட் அடிக்க விட்டேன். பம்மல்ல, சத்யப்ரியான்னு ஒரு அக்காவோட ஷெட்டு. அவங்க வந்து... இது திருட்டு வண்டின்னு சொல்றாங்கப்பா."

லைன் துண்டாகவில்லை. ஹாரன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பேசட்டும், அந்தத் திருடனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று சத்யப்ரியா போனை நோக்கிக் குனிந்தாள்.

அவள் வீட்டில் கேட்டுப் பழகிய குரல் ஒன்று உடைந்து வந்தது.

"அய்யோ நித்யா... என் பெரிய பொண்ணுகிட்டயா போயி வுட்ட?"