ரோட்டிலிருந்து தெரியாத உத்திரம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, சின்னக் கதைதான். காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஆஸ்டின் டவுனில் ஒரு கம்பெனியின் குவார்ட்டர்ஸ். புதிதாக மாற்றலாகி வந்த ஓவர்சீயர் சில்வெஸ்டர், எந்தெந்த வீட்டுக்கு ரிப்பேர் என்று எழுதிக்கொண்டு வந்தார். ஏழாம் நம்பர் வீட்டு டோரதி, படுக்கையறை உத்திரத்தைக் காட்டினாள். கரையான் அரித்து, தொட்டால் மாவாகக் கொட்டியது.

"கட்டிலுக்கு நேர் மேல இருக்கு சார். மழைக்கு முந்தி மாத்திடுங்க."

"ரோட்டுல இருந்து தெரியுதா?"

"உத்திரம் எப்படி சார் ரோட்டுக்குத் தெரியும்?"

"அப்போ அவசரமில்ல. நம்ம கம்பெனி பெரிய துரை கார்ல போறப்ப அவர் கண்ணுல படுறதுதான் மொதல்ல. உங்க காம்பவுண்டுக்கு வெள்ளையடிக்க எழுதியிருக்கேன், சந்தோஷப்படுங்க."

"வெள்ளையடிச்சா உத்திரம் நிக்குமா சார்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பொம்பளைகளுக்கு எப்போதும் ஏதாவது தலைமேல் விழப்போகிறது. 'ரிப்பேர் தேவையில்லை' என்று எழுதி, முத்திரை குத்தி, கூட வந்த பியூனிடம் ஆபீசுக்குக் கொடுத்தனுப்பினார்.

"எழுதினதை இனி மூணு வருஷத்துக்கு மாத்த முடியாதும்மா. நானே கேட்டாலும் நடக்காது."

"எங்களுக்கென்ன சார்? வீட்டுக்காரர் ரிட்டயர் ஆயிட்டாரு. நாளைக்குக் காலி பண்றோம்."

"பின்ன யாருக்காக இவ்வளவு கெஞ்சல்?"

டோரதி ஒரு கடுதாசியை நீட்டினாள். "காலையிலதான் ஆபீஸ்ல இருந்து வந்துச்சு. சாவியை உங்ககிட்ட கொடுக்கணுமாம், இனிமே இது உங்க வீடாம். முன்னாடியே சொல்லியிருந்தா மாத்தணும்னு எழுதியிருப்பீங்க. வேற யாருக்கோன்னா எழுதுவீங்களான்னு பார்த்தேன்."

உங்கள் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கி, சுகமாக எழுந்திருக்கட்டும் கண்ணுகளா.