சரிம்மான்னு சொன்னது நானில்ல

அம்மா, நான் இன்பராஜ் பேசுறேன். வயசு இருபத்தி நாலு, டோஹாவுல ஹோட்டல் லாண்டரியில வேல பாக்குறேன். நெசமான நான்தான்னு நீ நம்பணும்ல, அதான் இதெல்லாம் சொல்றேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு அமலி அக்கா ரெண்டு பீச் ரிசார்ட் பாத்து அனுப்பியிருக்கா. ரெண்டுலயும் ரூம், சாப்பாடு, படகு எல்லாம் சேர்த்திதான். போன வருஷம் நீங்க போனதுல மட்டும், ஊர்ல இல்லாத பிள்ளை மாதிரியே ஒரு ரோபோ செஞ்சு கூட உக்கார வெக்கிறாங்க. என் வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் கேட்டு, என் மூஞ்சியோட என் குரல்லயே பேசுச்சாமே!

இந்தத் தடவ எனக்கே லீவு கெடச்சிருக்குன்னு அக்காகிட்ட சொன்னேன். "அய்யோ, நீ வந்தா அவன் வரமாட்டானேடா! அவன்தான் அம்மாவுக்கு மீன்ல முள்ளெடுத்துக் குடுத்தான். எதுத்து ஒரு வார்த்த பேசல"ன்னு சிரிக்கிறா.

அது எப்படிம்மா எதுத்துப் பேசும்? வேலைக்கு நடுவுல நீ வாய்ஸ் மெசேஜ் போடுறப்ப, சூப்பர்வைசர் பாத்துருவாரோன்னு எல்லாத்துக்கும் "சரிம்மா, சரிம்மா"ன்னு பேசி அனுப்பிருவேன். அது அதத்தான் கத்துக்கிச்சு.

வாத்தியார் பொண்ணு ஜெனிட்டாவ எனக்குப் பேசி முடிக்கட்டுமான்னு நீ கேட்டதுக்கும் சரிம்மான்னுச்சாம். வர்ற ஜனவரியில நிச்சயமாம். அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்தப் பொண்ணுகிட்டயும் அது பேசுச்சாம். என்ன பேசியிருக்கும்னு யோசிச்சு யோசிச்சு துணி மடிக்கவே ஓடல.

அம்மா, அந்த இன்னொரு ரிசார்ட்டையே புக் பண்ணு. மீனுக்கு நான் முள்ளெடுக்கிறேன். அதுக்கு முன்னாடி, வேற எதுக்கெல்லாம் நான் சரின்னு சொல்லியிருக்கேன்னு ஒண்ணு விடாம சொல்லி அனுப்பு.