காவிப் பட்டை

“எங்காத்துச் சுவர்ல தண்ணி ஏறினதா சரித்திரமே கிடையாது. அதையும் எழுதிக்கச் சொல்லு, வசு!”

மாமனார் பத்மநாபன் கைத்தடியைத் தரையில் தட்டினார். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நால்வர் அளவு நாடாவுடன் விழித்தார்கள். அவர்களைவிட அதிகமாக விழித்தவள் பூகோள டீச்சர் வசுமதிதான்.

பருவநிலை மாற்றப் பாடத்துக்காக, மழைத் தண்ணீர் தேங்கி விட்டுப்போன கறையை லேக் கார்டன்ஸ் தெருவில் வீடு வீடாக அளந்து வந்தார்கள். இடது பக்கத்து வீட்டில் முழங்கால் உயரம். வலது பக்கத்திலும் அதேதான். நடுவில் இந்த வீட்டில் மட்டும் கறையே இல்லை. வெள்ளைச் சுவர், அடியில் பளிச்சென்று காவிப் பட்டை.

மூன்று வீட்டுக்கும் வாசல் ஒரே மட்டம். தண்ணீர் எப்படி இதை மட்டும் தாண்டிப் போயிருக்கும்? மழைக்காலம் முடிந்த பிறகே பெங்களூரிலிருந்து இங்கே குடிவந்த வசுமதிக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“மிஸ், அப்ப மழை வருஷா வருஷம் அதிகமாகுதுன்னு நீங்க சொன்னது தப்பா?” வங்க மொழியில் கேட்டாள் நால்வரில் ஒருத்தியான தீப்தி. “நாளைக்கு ஸ்கூல்ல எல்லார் முன்னாடியும் என்ன சொல்றது?”

வசுமதி மாமனாரைப் பார்த்தாள். “நெஜமாவே தண்ணி வந்ததில்லையாப்பா?”

“டீச்சருக்கே சந்தேகமா? எங்கப்பா கட்டின வீடும்மா இது! பொங்கலுக்குப் பொங்கல் நானே காவி அடிக்கறேன், வேற யாரையும் தொட விடமாட்டேன். அன்னிக்கு இருந்த மாதிரியே இன்னிக்கும் இருக்கு. எல்லாரையும் உள்ள வரச் சொல்லு, காட்டறேன்.”

ஹாலில் பொங்கல் படங்கள் வருஷ வாரியாக மாட்டியிருந்தன. எல்லாவற்றிலும் அதே வாசல் சுவர், பக்கத்தில் விறைப்பாகப் பத்மநாபன்.

தீப்தி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். திரும்பி முதல் படத்துக்கு வந்தாள்.

“மிஸ், இதுல காவி தாத்தாவோட கணுக்கால்வரைக்கும்தான் இருக்கு. கடைசிப் படத்துல முழங்காலுக்கு வந்துடுச்சே?”

கைத்தடி தட்டவில்லை.

“படங்களை வேணா நாளைக்கு எடுத்துண்டு போகட்டும், வசு,” என்றார் பத்மநாபன், குரலை இறக்கி. “எந்த ஆத்துச் சுவர்னு மட்டும் சொல்ல வேண்டாம்.”