முன்பக்கத்துப் பள்ளம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, ஒரு காரின் கதை சொல்கிறேன். இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. நாற்பது வருடம் ஷெட்டில் கிடந்து, அப்பா செத்தபின் திருமூர்த்தி கைக்கு வந்தது. அவன் எஞ்சினைப் பிரித்து மாட்டி, டிங்கரிங் பார்த்து, சிவப்புப் பெயிண்ட் அடித்து ஓடவைத்துவிட்டான்.

“ஏறுங்கம்மா, ஒரு ரவுண்டு போலாம். முன்னாடி இருந்த பள்ளத்தக்கூட எடுக்காம சோம்பேறியா வெச்சிருந்தாரு அப்பா.”

அம்மா தெய்வாத்தாள் முன்பக்கத் தகரத்தைத் தடவித் தடவித் தேடினாள்.

“உன்ற அக்கா தலை பட்ட எடம் சாமி அது. மூணு வயசு, அங்கயே போயிட்டா. அன்னைக்கு வண்டிய ஓட்டுனது உங்கப்பன்தான். நீ அப்பப் பொறக்கல.”

திருமூர்த்திக்கு எஞ்சினை அணைக்கத் தோன்றவில்லை.

“நெம்ப நல்லாப் பண்ணிட்டே. இருந்த எடமே தெரியல,” என்றாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் நன்றாகத் தலை நரைக்கட்டும், கண்ணுகளா.