நீர்யானையும் அடுக்களைக் குழாயும்

"உங்களை மட்டும் உள்ளே விட வேண்டாம்னு சொல்லிட்டாங்க சார்" என்றாள் நர்ஸ். அப்படிச் சொன்னது டாக்டராக இருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சொன்னது உள்ளே படுத்திருந்த மனைவி.

மச்சினன் பார்த்துவிட்டு வந்துவிட்டான். மகளும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காத எதிர்வீட்டு அம்மாளுக்குக்கூட அனுமதி கிடைத்தது. கட்டின புருஷன் மட்டும் ஆரஞ்சுப் பழப் பையும் கையுமாக வராந்தா பெஞ்சில், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"நேத்து அக்காவை என்ன அத்தான் பண்ணீங்க?" என்றான் மச்சினன்.

"ஒண்ணும் பண்ணலப்பா. சும்மா பேசிட்டிருந்தேன்."

"அதான் கேக்கறேன். என்ன பேசினீங்க?"

அவர் உயிரியல் பூங்காவில் வழிகாட்டி. பார்வையாளர் வண்டியின் முன்சீட்டில் மைக்கைப் பிடித்து உட்கார்ந்தால், மாடு புல்லை மேய்வதுபோல் விலங்குகளின் பெயர்களைப் பிரித்து மேய்ந்துவிடுவார்.

"வான்கோழியைப் பாருங்க. பேருல வானமே இருக்கு. அந்த வேலியைத் தாண்டச் சொல்லுங்க பார்ப்போம்! கீரிக்கு என்ன பட்டம்? பிள்ளை! அது பாம்பையே எதிர்த்து நிக்குது. எங்க வீட்டுப் பிள்ளை பல்லியைப் பார்த்தா கட்டில் மேல ஏறுது." வண்டி குலுங்கும். கழுதைப்புலிக் கூண்டருகே வரும்போது குரலைத் தாழ்த்துவார். "இது கழுதையும் இல்ல, புலியும் இல்ல. ஆனா சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் போடும். எங்க வீட்டுல அதுகூடக் கிடையாது."

வண்டி அதற்கும் சிரிக்கும். அவருக்குத்தான் சிரிப்பு வராது, சொன்னது நிஜமாயிற்றே.

கல்யாணமான புதிதில் மனைவி ஒரே ஒருமுறை சிரித்தாள். அந்தப் பூரிப்பில் அதே ஜோக்கை மாதக்கணக்கில் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தோடு சரி. இப்போதும் வீடு திரும்பியதும் அன்றைய புதுச் சரக்கை அவளிடம்தான் அவிழ்ப்பார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு கேட்பாள். முடிந்ததும் "பாத்திரம் கிடக்கு" என்று அடுக்களைக்குள் போய்விடுவாள். குழாயை முழுசாகத் திறந்துவிடும் சத்தம் கேட்கும். அந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த கைதட்டல் அவ்வளவுதான்.

நேற்று, ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவளைப் பார்த்ததும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. பயந்தால் மற்றவர்களுக்கு அழுகை வரும். அவருக்கு ஜோக்தான் வரும்.

"தெரியுமா, நீர்யானையை யானைங்க தங்க குடும்பத்துல சேத்துக்கவே இல்லையாம். பின்ன, எந்நேரமும் தண்ணியிலயே கிடந்தா எந்தக் குடும்பத்துல சேத்துப்பாங்க?"

அவள் முகம் கோணியது. தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இருமல் வந்தால் தையல் விட்டுவிடாமல் அப்படிப் பிடித்துக்கொள்ளும்படி டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணில் நீர் வழிய, தலைமாட்டு மணியை அமுக்கினாள். நர்ஸ் ஓடிவந்ததும், வாயைத் திறக்காமல் புருஷனைக் காட்டி, பிறகு வாசலைக் காட்டினாள்.

"அந்த நிலைமையிலயும் நீர்யானையா!" மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். "சின்ன வயசுல எங்க அக்கா சிரிச்சா தெருக்கோடி வரைக்கும் கேக்கும் அத்தான். உங்களைக் கட்டினப்புறம் அந்தச் சத்தத்தையே நாங்க கேட்டதில்ல."

வழக்கமாக இதற்கு மச்சினனை ஏதாவது ஒரு விலங்காக்கி இருப்பார். இன்றோ, ஊரையெல்லாம் சிரிக்கவைத்துவிட்டு ஒருத்தியின் சிரிப்பை விழுங்கிவிட்டோமே என்றிருந்தது. எழுந்து நர்ஸிடம் போனார்.

"சிஸ்டர், ரெண்டே வார்த்தை. மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறேன். ஜோக் சொல்ல மாட்டேன். என் சம்சாரத்து மேல சத்தியம்."

"ஐயோ, அவங்க மேல வேண்டாம் சார். ஏற்கெனவே முடியாம இருக்காங்க" என்றாள் நர்ஸ். ஆனாலும் கதவைத் திறந்துவிட்டாள்.

மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவர் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, பழப் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோம்மா. இத்தனை வருஷமா உன்னை ரொம்பப் படுத்திட்டேன். என்னை டிக்கெட் கவுண்டருக்கு மாத்தச் சொல்லிக் கேக்கப்போறேன். இனிமே நம்ம வீட்டுல ஒரு மிருகத்தோட பேரும் காதுல விழாது."

அவள் கண்ணைத் திறந்தாள். பழப் பையைக் கட்டிக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர்போல் உட்கார்ந்திருந்த அந்த முகத்தைப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. கை அவசரமாகத் தலையணையைத் தேடியது.

"வலிக்குதாம்மா? நர்ஸைக் கூப்பிடவா?"

"கவுண்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம்." தலையணையை வயிற்றோடு அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "தையல் பிரிக்கிற வரைக்கும் மட்டும் இந்தப் பக்கம் வராதீங்க."

"நான்தான் இனிமே வாயே திறக்கமாட்டேன்னு சொல்றேனே. அப்புறம் ஏம்மா?"

"உங்க மூஞ்சியைப் பார்த்தாலே நீர்யானை ஞாபகம் வருது. வீட்டுலன்னா ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரிச்சுக்குவேன். இங்க எங்கே ஓடுறது?"