காவலுக்கு ஒரு ஜோடி

சர்ர்ர்... சர்ர்ர்...

கதவுக்கு வெளியே யாரோ எதையோ தரையோடு இழுக்கிற சத்தம். மசூதியில் மக்ரிப் பாங்கு முடிந்து நன்றாக இருட்டிவிட்டிருந்தது. டெல்சி, கைக்குழந்தை ஜெஸ்மியைத் தோளில் போட்டுக்கொண்டு, பூனை மாதிரி நடந்துபோய்க் கதவு லென்ஸில் கண்ணை வைத்தாள்.

எதிர் ஃப்ளாட் வீரபாண்டி! காதில் செல்போன். காலால், அவள் புருஷன் பெனோவின் ஷூவைத் தன் வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான்.

அரபு நாட்டில் வேலை கிடைத்து ஃபர்வானியாவுக்கு வந்த புதிதில் பெனோ செய்த ஏற்பாடு அது. "எதிர்த்தாப்புல பேச்சிலர் ரூம். நான் டூட்டிக்குப் போனாலும் இந்தப் பழைய ஷூ வாசல்லயே கிடக்கட்டும். உள்ள ஆம்பிள இருக்கான்னு நினைப்பானுவ."

அந்தக் காவலுக்கே வந்துவிட்டது ஆபத்து. பெனோவுக்குப் போன் போட்டாள்.

"கேட்டியளா, எதிர்த்த வீட்டுக்காரன் ஒங்க ஷூவக் களவாண்டுட்டுப் போறான்!"

"அந்தப் பிஞ்ச ஷூவையா? அவனுக்கு என்ன கேடு?"

"சிரிக்காதிய. எனக்குப் பயமாட்டு இருக்கு. அடுத்தவன் பொருளைத் தொடுதோமேன்னு ஒரு கூச்சம் வேண்டாமா? களவு செய்யாதிருப்பாயாகன்னு கட்டளையே இருக்கு."

"அவன் எந்தக் கான்வென்ட்ல படிச்சான், பாவம்! சரி, மொதல்ல டிவிய அணை. இன்னைக்கு நம்ம ஏரியாவுல செக்கிங்குன்னு சைட்ல பேசிக்கிறானுவ."

"சீரியல் முடியப்போவுது. அணைச்சுருதேன்."

டிவிக்கு மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து ஜன்னல் வழியாக வந்த வயர் அது. லைசென்ஸ் இல்லாத திருட்டு லைன். பிடிபட்டால் அபராதம் மட்டுமில்லை, கம்பெனிக்கும் தகவல் போகும் என்று பில்டிங்கில் பேச்சு. பெனோவுக்கு விசா புதுப்பிக்கிற நேரம் வேறு.

டொக் டொக்.

வந்துவிட்டான் திருட்டுப்பயல்! ஆத்திரத்தில் பயம் பறந்துபோனது. தாழ்ப்பாளை இழுத்துக் கதவை விரியத் திறந்தாள்.

"எங்கடே ஷூ?"

வெள்ளை அங்கியில் ஓர் அதிகாரி நின்றார். பின்னால் ஓர் ஆள், கையில் வயர் வெட்டுகிற கட்டருடன்.

உள்ளே சீரியல் மாமியார் ஊருக்கே கேட்கிற மாதிரி மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஹஸ்பண்ட்?" என்றார் அதிகாரி.

"டூ... டூட்டி."

அதிகாரி குனிந்து வாசலைப் பார்த்தார். அவளுடைய ரப்பர் செருப்பு, பக்கத்தில் ஜெஸ்மியின் குட்டி ஷூ. வேறொன்றும் இல்லை.

"ரிஜால் மாஃபி? ஆத்மி நஹீ?"

ஆம்பிளை யாரும் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். அதிகாரி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கலாஸ், ஃபினிஷ். டோர் குளோஸ், மேடம்."

கதவைச் சாத்தினாள். அவசரத்தில் தாழ்ப்பாள் துளையில் விழவே இல்லை. கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். எதிர் வீட்டில் தட்டும் சத்தம், வாக்குவாதம், எதையோ பிடுங்கும் சத்தம். பிறகு படியேறிப் போகும் காலடிகள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மெல்ல ஒரு தட்டல்.

"தங்கச்சி, நாந்தேன் எதிர்வீட்டு வீரபாண்டி. பயப்படாதீக."

ஒரு விரற்கடை திறந்தாள். அவன் கையில் பெனோவின் ஷூ.

"கேக்காம எடுத்துட்டேன், மன்னிச்சுக்கங்க. கீழ வீட்டு சுசீலாக்கா, செக்கிங் வந்தவய்ங்ககிட்ட வீட்ல ஆம்பள இல்லேன்னு அடிச்சுச் சொல்லியிருக்கு. வாசல்ல கெடந்த ஷூவப் பாத்துப்புட்டு, அக்கா பொய் சொல்லுதுன்னு உள்ள பூந்துட்டாய்ங்களாம். கீழ நின்ன என் கூட்டாளி போன் போட்டான். பொம்பள தனியா இருந்தா உள்ள வரமாட்டாய்ங்க. தட்டிச் சொல்லலாம்னா, நான் தட்டினா நீங்க தொறக்க மாட்டீக. அதேன்..."

"உங்க... உங்க வீட்ல?" என்றாள்.

"டிஷ் டப்பாவத் தூக்கிட்டுப் போயிட்டாய்ங்க. ஷூவ ஒதுக்கிட்டு, எங்க வயரச் சுருட்டுறதுக்குள்ள மேல வந்துட்டாய்ங்க. விடுங்க தங்கச்சி, இனிமேலாச்சும் எங்க ரூம்ல பயலுக நேரத்தோட தூங்குவாய்ங்க."

உள்ளே திருட்டு லைனில் சீரியல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

வீரபாண்டி குனிந்து, ஷூவைப் பழைய இடத்திலேயே வைத்தார். அது பளபளவென்று இருந்தது. பெனோ அதை ஒருநாளும் துடைத்ததில்லை.

"தொடச்சீங்களா அண்ணே?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரொம்ப நாளா அசையாமக் கெடக்கு. தூசி படிஞ்சிருந்தா, ஆம்பள இல்லாத வீட்டு ஷூன்னு தெரிஞ்சுரும். எங்கள மாதிரி பேச்சிலர் பயலுக நடமாடுற எடம் தங்கச்சி. தெனமும் கொஞ்சம் நகத்தி வைங்க. உள்ள தாப்பாளப் போட்டுக்கங்க."

கதவைச் சாத்திவிட்டு லென்ஸில் பார்த்தாள். அவர் அங்கேயே, அவள் கதவுக்கு முதுகு காட்டியபடி நின்றார்.

உள்ளே தாழ்ப்பாள் 'டக்'கென்று விழுந்த பிறகுதான் தன் வீட்டுப் பக்கம் நடந்தார்.